ரேஸ் கொடுத்தால் இறங்கும் முள்: துறைமுக டிரெய்லர் லாரியில் ஆயில் பிரஷர் மீட்டர் பொருத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

மணலிப் பகுதியின் கன்டெய்னர் கிடங்குகளுக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் இடையே ஓடும் ஒரு டிரெய்லர் லாரி, புதிதாக வைத்த ஆயில் பிரஷர் மீட்டர் தலைகீழாகக் காட்டுகிறது என்ற புகாருடன் எங்கள் பட்டறைக்கு வந்தது. வண்டி பிஎஸ்-3 (பாரத் ஸ்டேஜ் புகை விதி) காலத்தது. ஆறு சிலிண்டர் டர்போ டீசல் என்ஜின், இன்லைன் டீசல் பம்ப், 24 வோல்ட் மின்சுற்று, முன்பக்கம் சாய்த்துத் திறக்கும் கேபின். ஓனரே வண்டியையும் ஓட்டுகிறார். அவர் புகாரைச் சொன்ன விதமே பாதி நோயறிதலாக இருந்தது: "சாவி போட்ட உடனே முள்ளு உச்சிக்குப் போயிடுதுண்ணே. ஸ்டார்ட் பண்ணா பாதிக்கு வருது. ரேஸ் கொடுத்தா இன்னும் கீழ இறங்குது."

மீட்டரைப் பொருத்திக் கொடுத்த இடத்திலேயே மறுபடியும் காட்டியபோது, ஆயில் பம்ப் போய்விட்டது, என்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்லித் தொகையும் பேசி முடித்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் தவறாகக் காட்டுவதால் வரும் கேடு இதுதான்: நல்ல என்ஜினை அறுத்துப் பார்க்க வைக்கும், அல்லது கெட்டுப்போகும் என்ஜினைத் தொடர்ந்து ஓட வைக்கும். இந்த வண்டியில் முதலாவது நடக்க இருந்தது. மீட்டர் சரியாக அமையாமல் போயிருந்தால் சில வாரங்களில் இரண்டாவதும் நடந்திருக்கும். அதனால்தான் இதை முழுமையாக எழுதி வைக்கிறேன்.

விளக்கு இருக்கும்போது மீட்டர் எதற்கு

டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்குக்குப் பின்னால் இருப்பது ஒரு சாதாரண அழுத்தச் சுவிட்ச். பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் ஏறத்தாழ 0.3 முதல் 0.7 பாருக்குக் கீழே இறங்கினால்தான் அது விளக்கை எரிய வைக்கும். அந்த அளவுக்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்பதும், அந்த நேரத்தில் என்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றுகிறது என்பதும் அதற்குத் தெரியாது. கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் பி வரிசை என்ஜினை எடுத்துக்கொண்டால், சூடான நிலையில் ஐட்லிங்கில் குறைந்தது 10 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.7 பார் இருக்க வேண்டும். முழு வேகத்தில் குறைந்தது 30 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 2.1 பார் இருக்க வேண்டும். பாரம் ஏற்றிக்கொண்டு முழு வேகத்தில் போகும்போது அழுத்தம் 12 பிஎஸ்ஐக்கு விழுந்துவிட்டால் கிராங்க் பேரிங்குகள் உரசத் தொடங்கிவிடும், விளக்கோ எரியாது. விளக்கு எரிகிற நேரத்தில் பெரும்பாலும் பேரிங் போயிருக்கும்.

ஆயில் பம்ப் தருவது ஓட்டத்தை மட்டுமே. அந்த ஓட்டத்துக்குப் பேரிங் இடைவெளிகள் காட்டும் தடையில்தான் அழுத்தம் பிறக்கிறது. பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினாலும், ஆயில் நீர்த்துப் போனாலும், பம்ப் மெதுவாகச் சுற்றினாலும் அழுத்தம் குறையும். துறைமுக லாரியின் வேலையில் இந்த மூன்றில் இரண்டு அன்றாடம் நேர்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி நிற்கும் வரிசையில், மே மாத வெயிலில், ஏற்றிய கன்டெய்னருடன் வண்டி அடிக்கொரு தரம் நகர்ந்தபடி ஐட்லிங்கிலேயே பல மணி நேரம் நிற்கும். ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடையாது. ஆயில் சூட்டில் மெலியும். பம்போ மிகக் குறைந்த வேகத்தில் சுற்றும். நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டியில் வெளியே தெரியாத குறை இந்த வரிசையில் தெரிந்துவிடும். இந்த ஓனர் மீட்டர் வாங்க நினைத்தது சரியான முடிவு என்பதே என் கருத்து.

பிரித்துப் பார்த்ததில் கண்டவை

என்ஜினைத் தொடுவதற்கு முன் மீட்டரையும், அழுத்தத்தை உணர்ந்து அதற்குச் சொல்லும் சென்சாரையும் தனித்தனியாகச் சோதித்தோம். சென்சாரில் இருந்து ஒயரைக் கழற்றி, சாவியைப் போட்டபோது முள் உச்சிக்குப் போனது. அதே ஒயரைப் பாடியில் எர்த் செய்தபோது முள் பூச்சியத்துக்கு வந்தது. ஒயர் திறந்திருந்தால் உச்சி, எர்த் ஆனால் பூச்சியம் என்றால் அது ஐரோப்பிய வழக்கத்து 10 முதல் 180 ஓம் (மின்தடை அளவு) மீட்டர்: அழுத்தமே இல்லாதபோது 10 ஓம், முழு அழுத்தத்தில் 180 ஓம் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது. அடுத்து, என்ஜின் நின்ற நிலையில் சென்சாரின் முனைக்கும் அதன் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தோம். அது 240 ஓம் காட்டியது. அமெரிக்க வழக்கத்துச் சென்சார் அது. அழுத்தம் இல்லாதபோது 240 ஓமும், முழு அழுத்தத்தில் 33 ஓமும் தருவது. மீட்டர் எதிர்பார்ப்பதற்கு முழுக்க எதிர்த்திசை. ரேஸ் கொடுக்கக் கொடுக்க அழுத்தம் ஏறும், ஓம் இறங்கும், முள்ளும் இறங்கும். ஆயில் பம்பின் மீது சொல்லப்பட்ட குற்றம் அந்த நிமிடமே பலவீனமாகிவிட்டது.

சென்னையின் உதிரிபாகச் சந்தைகளான ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் மீட்டர் ஒரு கடையிலும் சென்சார் இன்னொரு கடையிலும் வாங்குவது வழக்கமாக நடக்கிறது. மரை பொருந்தினால் போதும் என்று எடுத்துவிடுகிறார்கள். மரை பொருந்துவதும் ஓம் பொருந்துவதும் வெவ்வேறு விஷயங்கள். கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து வாங்கினால் இந்தச் சிக்கல் வாசலிலேயே தீர்ந்துவிடும்.

ஓம் கோளாறைவிட எனக்கு அதிகக் கவலை தந்தது, சென்சார் உட்கார்ந்திருந்த இடம். கம்பெனி கொடுத்த விளக்குச் சுவிட்சைக் கழற்றிவிட்டு, அதே துளையில் புதிய சென்சாரை ஏற்றியிருந்தார்கள். பழைய சுவிட்சின் ஒயர் முனை கறுப்பு டேப் சுற்றி, பக்கத்து ஒயர்க் கட்டோடு கட்டப்பட்டிருந்தது. எனவே அந்த நாளிலிருந்து சிவப்பு விளக்கு எந்த நிலையிலும் எரியாது. சாவி போட்டவுடன் அந்த விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் பழக்கம் பல டிரைவர்களிடம் இல்லை. புதிய மீட்டர் தவறாகக் காட்ட, பழைய எச்சரிக்கையும் போய், வண்டி மீட்டர் இல்லாத காலத்தைவிட மோசமான நிலையில் துறைமுக வரிசையில் நின்றிருக்கிறது.

மூன்றாவது, மரை. அந்த என்ஜின் பிளாக்கின் துளை அமெரிக்க வழக்கத்து 1/8 அங்குல என்பிடி மரை: அங்குலத்துக்கு 27 புரி, 60 பாகைக் கோணம். உள்ளே முடுக்கியிருந்த பித்தளை அடாப்டர் பிரிட்டிஷ் வழக்கத்து 1/8 பிஎஸ்பிடி: அங்குலத்துக்கு 28 புரி, 55 பாகை. இரண்டும் பார்வைக்கு ஒன்றாகவே தெரியும்; இரண்டு மூன்று சுற்று ஏறிப் பிடித்துக்கொண்டு நன்றாக இறுகிவிட்டது போலக் கைக்குத் தோன்றும். ஆனால் புரிகள் ஒன்றோடொன்று முழுதாக அமராததால் கசியும். அந்தக் கசிவை அடக்க வெள்ளை டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றியிருந்தார்கள். அடாப்டரை எடுத்தபோது அதன் உள்வாயின் ஓரத்தில் டேப்பின் நார் ஒன்று பிய்ந்து, ஆயில் போகும் வழியை நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அது கேலரிக்குள் (பிளாக்கில் உள்ள முதன்மை ஆயில் வழி) போனால் டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயையோ பிஸ்டனைக் குளிர்விக்கும் ஆயில் நாசிலையோ அடைக்கலாம். அதை இடுக்கியால் எடுத்து, துளையைத் துணியும், கிரீஸ் பூசிய மரை வெட்டும் கருவியும் கொண்டு சுத்தம் செய்த பிறகே அடுத்த வேலைக்குப் போனோம்.

முதலில் உண்மையான அழுத்தம்

மின்சார மீட்டரைச் சரிசெய்து அதன் பேச்சை நம்புவதற்கு முன், என்ஜினின் உண்மை நிலையை வேறொரு கருவியால் அறிய வேண்டும். எங்களிடம் உள்ள டெஸ்ட் கேஜ் மின்சாரம் இல்லாத போர்டன் குழாய் வகை. பிரான்ஸைச் சேர்ந்த யூஜின் போர்டன் 1849ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற அதே வளைகுழாய்ச் சூத்திரம்தான் இன்றும் அதில் வேலை செய்கிறது. ஒயரும் ஓமும் இல்லாததால் தலைகீழாகக் காட்ட அதற்கு வாய்ப்பே இல்லை. அதைக் கேலரித் துளையில் நேரடியாக இணைத்து, வண்டியை ஏற்றிய டிரெய்லருடன் ஓடவிட்டு, ஆயில் முழுச் சூடு ஏறிய பிறகு எடுத்த அளவுகள் இவை: குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆனவுடன் 4.4 பார், சூடான நிலையில் 2000 ஆர்பிஎம்மில் 3.1 பார், சூடான ஐட்லிங்கில் 1.2 பார். அந்த என்ஜினின் கையேடு கேட்பதைவிட எல்லாமே மேலே. ஆயில் பம்ப்பில் குறையில்லை, பேரிங்கிலும் கவலைப்பட எதுவும் இல்லை. என்ஜினை இறக்கும் பேச்சு அங்கேயே முடிந்தது.

குளிர்ந்த அளவை வைத்து என்ஜினை எடைபோடுவதை நான் ஏற்பதில்லை. குளிரில் ஆயில் தடிமனாக இருப்பதால் தேய்ந்த என்ஜினும் ரிலீஃப் வால்வு (மிகை அழுத்தத்தைத் திறந்துவிடும் வால்வு) திறக்கும் அளவுக்கு அழுத்தம் காட்டும். காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் "நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்புவது சோதனையே ஆகாது.

பொருத்திய முறை

அந்த டெஸ்ட் கேஜ் போன்ற ஒன்றையே நிரந்தரமாகக் கேபினில் வைத்துவிடலாமே என்று ஓனர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அப்படிச் செய்தால் அழுத்தத்தோடு கூடிய கொதிக்கும் ஆயில், மெல்லிய குழாய் வழியாக டிரைவரின் முழங்காலுக்கு முன்னால் வந்து நிற்கும். சாய்க்கும் கேபினில் அந்தக் குழாய் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர வேண்டும். ஒரு நாள் அது வெடித்தால் கால் வெந்துபோகும். டர்போ பக்கம் வெடித்தால் தீப்பிடிக்கும். ஆகவே ஆயிலை என்ஜினோடு நிறுத்தி, கேபினுக்குள் ஒயரை மட்டும் கொண்டுபோவது என்று முடிவெடுத்தோம்.

மீட்டர் புதிதாக வாங்கினோம். அதே தயாரிப்பாளரின் 10 முதல் 180 ஓம் சென்சாரும் உடன். 0 முதல் 10 பார் வரையுள்ள மீட்டரைத்தான் கடையில் முதலில் நீட்டினார்கள். இந்த என்ஜினில் பார்க்க வேண்டிய இடம் ஒரு பாரைச் சுற்றி இருப்பது. 10 பார் முகப்பில் அது அடிமூலையில் ஒடுங்கிவிடும். ரிலீஃப் வால்வு 4.5 பாரை ஒட்டித் திறப்பதால், 0 முதல் 5 பார் மீட்டரே போதும், கண்ணுக்கும் தெளிவு. மீட்டரும் 24 வோல்ட்டுக்கு உரியதாகவே எடுத்தோம். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளில் ஒன்றில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து, கையில் இருக்கும் 12 வோல்ட் மீட்டரை ஓட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் ஒரு பேட்டரி குறைவாகவும் மற்றது மிகையாகவும் சார்ஜ் ஆகி, இரண்டுமே சீக்கிரம் போய்விடும்.

கேலரித் துளையில் எஃகு நிப்பிள் (மரை போட்ட சிறு குழாய்) ஒன்றை ஏற்றி, அதில் 'T' வடிவ இணைப்பான டீயை இணைத்தோம். டீயின் ஒரு கையில் கம்பெனிச் சுவிட்ச் தன் பழைய ஒயரோடு திரும்பி வந்தது. இன்னொரு கையில் சென்சாரை நேராக முடுக்கவில்லை. அது கனமான உருளை. பிளாக்கில் இருந்து நீண்டு நிற்கும் நிப்பிளின் முனையில் ஏற்றினால், டீசல் என்ஜினின் அதிர்வு அந்த நிப்பிளின் மரை அடியை நாள்தோறும் வளைத்துக்கொண்டே இருக்கும். பித்தளை நிப்பிள் என்றால் அந்த இடத்தில் ஒடியும். ஒடிந்தால் ஆயில் முழுதும் சாலையில். எனவே சூடான ஆயிலுக்கும் அந்த அழுத்தத்துக்கும் உரிய, எஃகுப் பின்னல் போர்த்திய ஹோஸ் ஒன்றை டீயில் இருந்து எடுத்து, சேசிஸில் பிராக்கெட் அடித்துச் சென்சாரை அதில் நிறுத்தினோம். என்ஜின் தன் மவுன்டிங் மீது ஆடும் என்பதால் ஹோஸில் தளர்வு விட்டோம். டர்போ, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இரண்டில் இருந்தும் தள்ளியே கொண்டு சென்றோம். டீயின் சென்சார்க் கையில் ஒரு மில்லிமீட்டர் அளவுத் துளையுள்ள தடுப்பு ஒன்று வைத்தோம். முள் துடிப்பதை அது அடக்கும். ஹோஸ் அறுந்தாலும் ஆயில் கொட்டும் வேகம் குறைந்து, டிரைவருக்கு வண்டியை நிறுத்த நேரம் கிடைக்கும்.

மரைகளில் டேப் போடவில்லை. திரவ சீலன்ட்டை முதல் இரண்டு புரிகளை விட்டுவிட்டுப் பூசினோம். சென்சார் இப்போது பிளாக்கில் இல்லாமல் ஹோஸின் முனையில் இருப்பதால் அதன் எர்த்தை மரையின் வழியாக எதிர்பார்க்க முடியாது. பிராக்கெட்டின் பெயின்ட்டைச் சுரண்டி, தனி எர்த் ஒயர் ஒன்றைச் சேசிஸுக்கு எடுத்தோம். எர்த் மோசமாக இருந்தால் ஓம் கூடும். 10 முதல் 180 ஓம் முறையில் ஓம் கூடினால் முள் இருப்பதைவிட அதிக அழுத்தம் காட்டும். ஆபத்தான திசையில் பொய் சொல்லும் கோளாறு என்பதால், இந்த ஒரு ஒயருக்குக் கூடுதல் நேரம் செலவிட்டோம்.

இந்தச் சென்சாரில் இரண்டு முனைகள் உண்டு: 'ஜி' என்று குறித்தது மீட்டருக்கு, 'டபிள்யூகே' என்று குறித்தது விளக்குக்கு. சிவப்பு விளக்கையும் இதிலேயே இணைத்துவிட்டால் கம்பெனிச் சுவிட்ச் வேண்டாம், டீயும் வேண்டாம் என்று பட்டறைத் தம்பி ஒருவர் சொன்னார். வேலை மிச்சம்தான். ஆனால் சென்சார் கெட்டால் மீட்டரும் விளக்கும் ஒன்றாகக் கண்மூடிவிடும். இரண்டு சாட்சிகள் தனித்தனியாக நிற்கட்டும் என்று பழைய சுவிட்சையே வைத்துக்கொண்டோம்.

மின்சாரப் பக்கம் சொல்லுவதற்கு அதிகமில்லை. இக்னிஷனில் இருந்து 3 ஆம்பியர் பியூஸ் வழியாக மீட்டருக்கு மின்சாரம், உள்விளக்கு பார்க்கிங் விளக்குச் சுற்றில், சென்சார் ஒயர் நெளிகுழாய்க்குள். கேபின் கீல் இருக்கும் இடத்தில் மட்டும் ஒயருக்குத் தாராளமாக நீளம் விட்டு, கேபினை முழுதும் சாய்த்து, இழுபடவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே கிளிப் போட்டோம். பிறகு சென்சார் முனையில் 10 ஓம் ரெசிஸ்டர் வைத்தபோது முள் பூச்சியத்திலும், 180 ஓம் வைத்தபோது 5 பாரிலும் நின்றது. கடைசியாக, டெஸ்ட் கேஜையும் புதிய மீட்டரையும் ஒரே நேரத்தில் இணைத்து ஒப்பிட்டோம். ஐட்லிங்கிலும் ரேஸிலும் இரண்டும் கால் பாருக்குள் ஒத்துப்போயின. சாவி போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தது.

பிஎஸ்-6 வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் முதல் வந்த அந்த வண்டிகளில் ஆயில் பிரஷர் சென்சார் என்ஜினின் கணினியான ஈசியுவோடு பேசுகிறது. அதன் ஒயரில் கிள்ளி மீட்டருக்கு இணைப்பு எடுக்கக் கூடாது; தனித் துளை, தனிச் சென்சார்தான் வழி.

மீட்டர் சொன்னது

சூடான ஐட்லிங், சூடான 2000 ஆர்பிஎம் ஆகிய இரண்டு அளவுகளையும் ஒரு தாளில் எழுதி, டிரைவர் பக்கக் கதவின் உட்புறம் ஒட்டிக் கொடுத்தோம். துறைமுக வரிசையில் நிற்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று வாரம் ஒரு முறை குறித்து வரும்படி கேட்டுக்கொண்டோம். மீட்டர் வைத்தவர்களில் பலர் முள் பச்சையில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். இவர் எண்ணையே எழுதினார். அந்தத் தாள்தான் அடுத்த கோளாறைக் காட்டிக் கொடுத்தது.

வண்டி முதலில் வந்தபோது ஆயில் மாற்றிச் சில நாட்களே ஆகியிருந்தன. அதன் பிறகு வாரங்கள் செல்லச் செல்ல ஐட்லிங் அளவு 1.2இல் இருந்து 1.0, பிறகு 0.8 என்று இறங்கியது. 2000 ஆர்பிஎம்மில் 2.4 ஆனது. சிவப்பு விளக்கு ஒரு முறைகூட எரியவில்லை. கையேட்டின் குறைந்தபட்ச எல்லையையும் முள் இன்னும் தாண்டவில்லை. விளக்கை மட்டும் நம்பியிருந்தால் இந்த இறக்கம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

வண்டி திரும்பி வந்தபோது முதலில் டெஸ்ட் கேஜ் வைத்து மீட்டர் சரியாகவே சொல்கிறது என்று உறுதிசெய்தோம். பிறகு ஆயில் குச்சியை எடுத்தேன். மட்டம் மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை ஏறி நின்றது. குச்சியில் இருந்த ஆயில் விரலில் பிடிப்பு இல்லாமல் ஓடியது. டீசல் வாடை தெளிவாக வந்தது. ஓனர் அதுவரை இதை நல்ல அடையாளமாக எண்ணியிருந்தார்: "ஆயிலே குடிக்கலண்ணே, ஊத்துன அளவு அப்படியே நிக்குது." உழைக்கும் என்ஜின் சிறிதளவு ஆயில் குடிக்கத்தான் செய்யும். மட்டம் குறையாமலோ ஏறியோ இருந்தால் ஏதோ ஒன்று உள்ளே சேர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். டீசலாகவோ கூலன்ட் ஆகவோ இருக்கலாம். இந்த ஒரு தவறான நம்பிக்கை லாரித் தொழிலில் எத்தனை கிராங்க்குகளைத் தின்றிருக்கிறது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

15டபிள்யூ-40 ஆயில் 100 பாகை செல்சியஸில் குறைந்தது 12.5 சென்டிஸ்டோக்ஸ் தடிமன் காட்ட வேண்டும். டீசல் கலக்கக் கலக்க அது 30 தரத்துக்கும் அதற்குக் கீழும் இறங்கிவிடும். அழுத்தமும் கூடவே இறங்கும். நீண்ட ஐட்லிங்கில் எரிப்பு முழுமையாகாமல் சிறிது டீசல் பிஸ்டன் ஓரமாக ஆயிலில் இறங்குவதும் உண்டு. ஆனால் இந்த வேகத்தில் மட்டம் ஏறுவதற்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று கருதி, டீசல் பம்ப்பின் பக்கம் போனோம். இந்த இன்லைன் பம்ப்பின் கேம் பெட்டிக்கு என்ஜின் ஆயிலே சென்று திரும்புகிறது. அதன் பக்கத்தில், டேங்கில் இருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஃபீட் பம்பைக் கழற்றி, ஒரு வாயை அடைத்து, இன்னொரு வாயில் லேசாகக் காற்றழுத்தம் கொடுத்து டீசல் தட்டில் மூழ்க வைத்தபோது, அதன் தண்டான ஸ்பின்டில் ஓரமாகக் குமிழிகள் தொடர்ச்சியாக வந்தன. ஸ்பின்டிலும் அதன் வழிகாட்டியும் தேய்ந்து, டீசல் கேம் பெட்டி வழியாக என்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு வந்துகொண்டிருந்தது.

ஃபீட் பம்ப்பை மாற்றினோம். நீர்த்த ஆயில் முழுவதையும் சூடாக இருக்கும்போதே வடித்து, ஃபில்டரோடு புதியது ஊற்றினோம். பழைய ஃபில்டரை அறுத்து அதன் தாள் மடிப்புகளை விரித்து வெயிலில் பார்த்தோம். பேரிங்கின் செம்பு நிறமோ வெள்ளி மினுமினுப்போ இல்லை. அதனால் சம்ப்பைக் கழற்றிப் பேரிங் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். துகள் ஒன்று தெரிந்திருந்தாலும் கழற்றியிருப்போம். சூடான ஐட்லிங் 1.3 பாருக்கும், 2000 ஆர்பிஎம் அளவு 3.2 பாருக்கும் திரும்பின. அடுத்து வந்த வாரங்களில் குறித்த எண்களிலும் இறக்கம் இல்லை.

கதவில் ஒட்டிய தாளில் இப்போது மூன்று வரிகள் சேர்ந்திருக்கின்றன. வரிசையில் நிற்கும்போது முள் 1.0 பாருக்குக் கீழே வந்தால் அன்றே ஆயில் மட்டமும் வாடையும் பார்ப்பது. பாரத்தோடு ஓடும்போது 2.0க்குக் கீழே போனால் ஓரம்கட்டி என்ஜினை நிறுத்துவது, அருகில் இருக்கும் பட்டறை வரை ஓட்டிப் பார்க்காமல் இருப்பது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் ஹோஸ், டீ, எர்த் ஒயர் ஆகியவற்றைக் கையால் ஆட்டிப் பார்த்து, சாவி போட்டதும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று உறுதிசெய்வது.